பாத்திரப் பையை மறந்தவர்களுக்குக் காலைப் பலகாரம்

அரையாண்டு லீவில் என் பிள்ளைகளும் தம்பி பிள்ளைகளும் தோப்பில் கூடாரம் போட்டுத் தூங்குவது எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டது. ஆனைமலைப் பக்கம் வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் தென்னை இருக்கிறது. முதல் வருஷம் போனபோது இட்லிச் சட்டி, தோசைக்கல், வாணலி, கரண்டி எல்லாவற்றையும் ஒரே பையில் பத்திரமாகக் கட்டினேன். கட்டிய பையை வாசல் திண்ணையில் வைத்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டோம். ராத்திரி புரோட்டா வாங்கி வந்திருந்ததால் தெரியவில்லை. விடியற்காலை 5 மணிக்கு, "அத்தை, அந்தப் பச்சைப் பை எங்கே?" என்று தம்பி மகள் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தென்னை மரத்தைப் பார்த்தேன்.

திரும்பிப் போய் எடுத்து வர ஒரு மணி நேரம் ஆகாது. ஆனால் தம்பி சும்மா இருக்காமல், "24 வருஷம் சாரணியர் டீச்சராக இருந்தவர் வீட்டிலேயே இந்தக் கதியா?" என்று சிரித்துவிட்டான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பாத்திரமில்லாச் சமையல் என்று சாரணர் முகாம்களில் ஒரு பாடமே உண்டு. எத்தனையோ பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மார்க் போட்டிருக்கிறேன். பசியோடு நானே செய்து சாப்பிட்டதுதான் இல்லை.

கையில் இருந்தது இவ்வளவுதான்: தூக்குப்போசியில் 2 லிட்டர் இட்லி மாவு, 7 டம்ளர், ஒரு பித்தளைச் சொம்பு, ஒரு கத்தி, ஒரு ஸ்பூன், பாக்குமட்டைத் தட்டுகள், காய்கறிப் பை, ஒரு டஜன் முட்டை. பம்ப்செட் ரூமில் தோட்டத்துப் பெரியவர் வெந்நீர் வைக்கிற அலுமினியக் குண்டா ஒன்று இருந்தது. அதில் 7 பேருக்குக் காலைப் பலகாரம் ஆனது. அதற்கப்புறம் அந்தப் பச்சைப் பையை நான் வேண்டுமென்றேதான் வீட்டில் வைத்துவிட்டு வருகிறேன்.

எங்கே மூட்டலாம், எங்கே கூடாது

இதை முதலில் சொல்லிவிடுகிறேன். காப்புக்காட்டுக்குள் நெருப்பு மூட்டுவது குற்றம். எங்கள் தோப்பிலிருந்து பார்த்தால் ஆனைமலைக் காடு கண்ணுக்கு நேரே தெரியும். அங்கே போனால் நாங்கள் தீப்பெட்டியையே எடுத்துப் போவதில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்ததை மறந்துவிடக் கூடாது. காய்ந்த புல் எவ்வளவு வேகமாக ஓடி எரியும் என்பது நேரில் பார்க்காதவர்களுக்குப் புரியாது. நான் இங்கே சொல்வதெல்லாம் சொந்தத் தோட்டம், தெரிந்தவர் தோப்பு, அனுமதி வாங்கிய இடம் ஆகியவற்றுக்குத்தான்.

தோப்பிலும் மரத்துக்கு நேர் கீழே அடுப்பு வேண்டாம். தேங்காய் விழும், மட்டை விழும், சூட்டில் வேரும் கெடும். நாலு மரங்களுக்கு நடுவே உள்ள வெட்டவெளியைப் பாருங்கள். சுற்றிலும் 10 அடிக்குச் சருகைக் கூட்டி ஒதுக்குங்கள். ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்த பிறகுதான் தீக்குச்சியைத் தொட வேண்டும்.

மூணு கல் அடுப்பு எல்லோருக்கும் தெரியும். ஒரே ஒரு எச்சரிக்கை: ஆற்றிலும் வாய்க்காலிலும் கிடக்கிற கல்லை எடுக்காதீர்கள். உள்ளே ஊறியிருக்கிற தண்ணீர் சூட்டில் ஆவியாகி, கல் வெடித்துத் தெறிக்கும். செங்கல் துண்டு இருந்தால் அதுவே போதும்.

எனக்குப் பிடித்தது குழி அடுப்பு. ஒரு முழம் நீளம், ஒரு சாண் அகலம். காற்று வருகிற பக்கம் ஒரு சாண் ஆழமாக ஆரம்பித்து, மறுமுனையில் தரையோடு வந்து சேர்கிற மாதிரி சரிவாக வெட்டுவது. மார்கழியில் எங்கள் பக்கம் காற்று கிழக்கிலிருந்து பாலக்காட்டுக் கணவாயை நோக்கிப் போகும், அதனால் குழியின் வாய் கிழக்கே இருக்கும். ஆடியில் நேர் எதிர்த்திசை. ஆடிக்காற்று வேகமாக அடிக்கிற நாளில் நாங்கள் வெளியே நெருப்பே மூட்டுவதில்லை, பேசாமல் சாளைக்குள், அதாவது தோட்டத்து வீட்டுக்குள், போய்விடுவோம்.

இந்தக் குழியில் ஒரு வசதி உண்டு. வாய்ப்பக்கம் விறகு எரிந்துகொண்டிருக்கும், அங்கே குண்டா கொதிக்கும். எரிந்து முடிந்த கங்கை ஒரு குச்சியால் மேட்டுப்பக்கம் தள்ளிக்கொண்டே வந்தால் அங்கே தணல் சேரும். கொதிக்க வைக்கிறதெல்லாம் தீயில், சுடுகிறதெல்லாம் தணலில். வெளியே சமைக்கிறவர்கள் கருக்கிவிட்டு வருத்தப்படுவது பெரும்பாலும் தணல் வருவதற்கு முன்னால் அவசரப்படுவதால்தான். என் வீட்டுக்காரரை இன்னமும் இந்த விஷயத்தில் திருத்த முடியவில்லை.

பன்னாடையும் சூடமும்

மார்கழிப் பனியில் தோப்பில் கிடக்கிற சுள்ளி எல்லாம் விடியும்போது ஈரமாக இருக்கும். அதனால் காலைச் சமையலுக்கு விறகு பொறுக்குகிற நேரம் முந்தைய நாள் சாயங்காலம். பொறுக்கியதை ஒரு தடுக்கைப் போட்டு மூடிவிடுங்கள், அல்லது கூடாரத்து ஓரத்தில் செருகிவையுங்கள். தீப்பெட்டியை ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில், கீழே ஒரு கைப்பிடி அரிசி போட்டு வைப்பேன். அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

தென்னந்தோப்பில் நெருப்புக்கு வெளியிலிருந்து எதுவும் தேவையில்லை. பற்றவைக்கப் பன்னாடை. அது திட்டுவதற்கு மட்டுமான சொல் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஓலை மட்டையின் அடியில் வலை மாதிரிப் பின்னியிருக்குமே, அதுதான். நல்லதைக் கீழே விட்டுக் கசடைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் பழைய இலக்கணத்தில் மோசமான மாணாக்கனுக்கு அதுதான் உவமை. வகுப்பில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன், ஒரு பெண்ணும் பன்னாடையை நேரில் பார்த்ததில்லை. காய்ந்த பன்னாடை தீக்குச்சி பட்டதும் பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் பாளையைக் கத்தியால் சீவிய சிராய், அதற்கு மேல் விரல் கனத்தில் சுள்ளி, அப்புறம் தேங்காய்த் தொட்டி. கொட்டாங்குச்சியை எங்கள் பக்கம் தொட்டி என்போம். தொட்டி முதலில் சடசடவென்று பெரிதாக எரியும், பிறகு அருமையான கங்காக நிற்கும். கருவேல விறகு கிடைத்தால் இன்னும் நேரம் நிற்கும். தேங்காய் உரித்த நார்மட்டை, அந்த உரிமட்டையை மட்டும் சமையலுக்கு வைக்காதீர்கள். புகைந்துகொண்டே கிடக்கும், கண்ணைக் கரிக்கும். கொசு விரட்டுவதற்கு நல்லது.

எல்லாமே நனைந்துபோன அன்றைக்கு ஒரு வில்லை சூடம். பன்னாடைக்கு அடியில் வைத்துப் பற்றவைத்தால் ஈரச் சுள்ளியையும் கொஞ்ச நேரத்தில் பிடிக்க வைத்துவிடும். பெட்ரோல், மண்ணெண்ணெய் பக்கமே போகக் கூடாது. ஊதுகுழலுக்கு, பப்பாளி மரத்தடியில் உதிர்ந்து காய்ந்து கிடக்கிற இலைக்காம்பு இருக்கிறதே, உள்ளே வெறும் குழாய். இரண்டு பக்கமும் நறுக்கிவிட்டால் போதும். பச்சைக் காம்பில் பால் இருக்கும், அதை வாயில் வைக்க வேண்டாம்.

குண்டாவை அடுப்பில் ஏற்றும் முன் அடியிலும் பக்கத்திலும் ஈரச் சாம்பலைக் குழைத்துப் பூசிவிடுங்கள். முதல் நாள் சாம்பல் இல்லையென்றால் செம்மண். கழுவும்போது கரியும் பூச்சோடு சேர்ந்து வந்துவிடும். பூசாமல் வைத்தால் என்ன ஆகும் என்று பெரியவரிடம் கேளுங்கள். அவருடைய குண்டாவைத் தேய்த்துக் கொடுக்க எனக்கு அரை நாள் ஆனது. "விடு அம்மிணி, வெந்நீருக்குக் கருப்பு என்ன, வெள்ளை என்ன" என்றார். நான் விடவில்லை.

முதல் கொதியில் காப்பி. 1 லிட்டர் தண்ணீர் கொதித்ததும் இறக்கி, 5 ஸ்பூன் தூளைப் போட்டு மூடி 5 நிமிஷம் வையுங்கள். மேலே ஒரு கை குளிர்ந்த தண்ணீர் தெளித்தால் தூள் அடியில் போய் உட்காரும். தெளிவை மொண்டு கருப்பட்டியைத் தட்டிப் போட்டால் போதும். பால் வேண்டுமென்பவர்கள் பெரியவர் மாட்டைக் கறக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான்.

துணி இட்லி

இட்லிக்குத் தட்டு வேண்டும் என்பது ஒரு பழக்கம், அவ்வளவுதான். காஞ்சிபுரத்தில் மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் வேகவைக்கிறார்கள். எங்களுக்குப் பக்கத்திலேயே, பாலக்காட்டுக்கு அருகில் ராமசேரியில் மண்சட்டி வாயில் துணியைப் போட்டு, அதன் மேல் மாவை ஊற்றி எடுக்கிறார்கள். தோசை மாதிரித் தட்டையாக, பூப்போல இருக்கும். அன்றைக்கு எனக்கு ஞாபகம் வந்தது ராமசேரிதான். வீட்டுக்காரரின் பழைய மல்வேட்டி ஒன்று தலைக்குக் கட்டிக்கொள்ள வந்திருந்தது. அதில் நல்ல பக்கத்தைக் கிழித்துச் சுடுதண்ணீரில் அலசினேன்.

குண்டாவில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் வையுங்கள். ஈரத்துணியை வாய்மேல் விரித்து, விளிம்புக்குக் கீழே வாழைநாரால் இறுக்கிக் கட்டுங்கள். நடுவில் லேசாகத் தொய்வு இருக்கட்டும், ஆனால் தண்ணீரைத் தொடக் கூடாது. ஆவி துணி வழியாக வர ஆரம்பித்ததும் டம்ளரால் மொண்டு மூன்று வட்டமாக மாவை ஊற்றுங்கள். ஒன்றோடொன்று ஒட்டினாலும் பரவாயில்லை. மேலே ஒரு பாக்குமட்டைத் தட்டைக் கவிழ்த்து, பறக்காமல் இருக்க ஒரு சின்னக் கல். 8 முதல் 10 நிமிஷத்தில் வெந்துவிடும். ஈர விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது. எடுக்கிற வழி: கட்டை அவிழ்த்து, துணியோடு வாழையிலையில் கவிழ்த்து, துணியின் முதுகில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து உரித்தால் அலுங்காமல் வரும்.

இதில் நான் செய்த தப்பைச் சொல்லியாக வேண்டும். கட்டியதற்கு வெளியே தொங்குகிற துணி முனைகளைத் தூக்கி மேலே மடித்துவிட வேண்டும். முதல் ஈட்டில் நான் விட்டுவிட்டேன். முனை காய்ந்து, தீ நாக்கு எட்டிப் பிடித்துக்கொண்டது. சின்னவன்தான் முதலில் பார்த்தான். "அத்தை, இட்லி எரியுது!" என்று அவன் கத்தியதும் சொம்புத் தண்ணீரை அப்படியே ஊற்றினேன். அடுப்பும் அணைந்தது, மாவும் கரைந்தது. இரண்டாவது தடவை மூட்டியபோது தம்பி சிரிக்கவில்லை. நான் முறைத்த முறைப்பு அப்படி.

துணியே இல்லையென்றால் டம்ளர் இட்லி. குண்டாவின் அடியில் தென்னை ஈர்க்குகளைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு விரல் உயரத்துக்கு அடுக்கி, அதன் அளவுக்குத் தண்ணீர் விடுங்கள். டம்ளருக்குள் எண்ணெய் தடவி, பாதி அளவு மாவு ஊற்றி, ஈர்க்கு மேல் நிறுத்தி, வாழையிலையால் மூடி, மேலே தட்டைக் கவிழ்த்தால் 18 நிமிஷம். ஒரு ஈர்க்கைக் குத்திப் பாருங்கள், மாவு ஒட்டாமல் வந்தால் ஆயிற்று. பிள்ளைகளுக்கு இதுதான் பிடித்தது, ஆளுக்கு ஒரு கோபுரம்.

மாவு கொண்டுபோவதில் ஒரு சங்கதி. போசியில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். கார் டிக்கியில் வெயிலில் வந்த மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கும். எங்கள் கார் 2 வாரம் புளித்துக்கொண்டிருந்தது.

இட்லி மாவு வேண்டாம் என்றால் தொட்டிப் புட்டு. கண் இருக்கிற பாதித் தொட்டியை எடுத்து, வெளி நாரைக் கத்தியால் சுரண்டி, கண்ணை ஆணியால் திறந்துகொள்ளுங்கள். ராகி மாவோ அரிசி மாவோ ஒரு டம்ளர், உப்புத் தண்ணீர் கால் டம்ளரில் ஆரம்பித்து, தெளித்துத் தெளித்துப் பிசிறுங்கள். கைக்குள் பிடித்தால் கொழுக்கட்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். தேங்காய்த் துருவல் அடியில், மாவு மேலே, அழுத்தக் கூடாது. தண்ணீர் கொதிக்கிற சொம்பின் வாயில் தொட்டியை உட்காரவைத்து, இடுக்கில் ஈரத்துணியைச் சுற்றி, மேலே இலை. மாவுக்கு மேலே ஆவி வந்த பிறகு 5 நிமிஷம். கவிழ்த்துத் தட்டினால் தொட்டி வடிவத்தில் விழும். நாட்டுச் சர்க்கரையும் வாழைப்பழமும் இருந்தால் வேறு எதுவும் கேட்காது.

தணல் வந்த பிறகு

மேட்டுப்பக்கம் தள்ளிய கங்கு இதற்குள் சாம்பல் பூத்திருக்கும். உள்ளங்கையை ஒரு சாண் உயரத்தில் பிடித்து மூன்று நாலு எண்ணுவதற்குள் எடுக்கத் தோன்றினால் சரியான சூடு.

முதலில் சட்டினி. தக்காளி 4, சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி தோலோடு, பச்சை மிளகாய் 3, பூண்டு 4 பல். மிளகாயைக் கத்தி முனையால் ஒரு குத்துக் குத்திவிட்டுத்தான் தணலில் போட வேண்டும், இல்லாவிட்டால் வெடித்துக் கண்ணில் அடிக்கும். தக்காளித் தோல் கருகிப் பிரிந்ததும் எடுத்து ஊதி உரித்து, புளி துளி, உப்பு சேர்த்து போசியில் போட்டு டம்ளரின் அடியால் நசுக்குங்கள். சாம்பல் கொஞ்சம் ஒட்டினால் ஒன்றும் ஆகாது. அம்மியில் அரைத்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இது வேறு ருசி.

முட்டையை அப்படியே தணலில் வைத்தால் வெடிக்கும். சாரணியர் முகாமில் நாங்கள் செய்கிற வழி வெங்காயச் சிமிழ். பெரிய வெங்காயத்தைக் குறுக்கே பாதியாக வெட்டி, உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு வெளியில் மூன்று அடுக்கை மட்டும் விடுங்கள். அடியில் ஓட்டை விழுந்தால் எடுத்த வெங்காயத்தில் ஒரு துண்டை வைத்து அடைக்கலாம். முட்டையை உடைத்து ஊற்றி, உப்பு, மிளகுத்தூள். தணலைக் கொஞ்சம் பள்ளம் பறித்துச் சிமிழைச் சாயாமல் வையுங்கள். 10 நிமிஷம். வெளி அடுக்கு கருகும், அதை உரித்துவிட்டால் உள் அடுக்கு முட்டையோடு சேர்ந்து இனிப்பாக இருக்கும். சின்ன முட்டையாக வாங்குங்கள். பெரிய முட்டை பாதி வெளியே வழிந்து தணலை அணைக்கும்.

இதெல்லாம் தொல்லை என்பவர்கள் இட்லி வேகும்போதே குண்டாத் தண்ணீரில் கழுவிய முட்டைகளைப் போட்டுவிடலாம். எங்கள் தோப்பில் 10 நிமிஷத்தில் மஞ்சள் கெட்டியாகிவிடும். வால்பாறையில் நண்பர் வீட்டு முற்றத்தில் இதையே செய்தபோது உள்ளே இன்னும் கொழகொழவென்று இருந்தது. உயரம் 1,000 மீட்டருக்கு மேல். ஒவ்வொரு 300 மீட்டருக்கும் தண்ணீர் ஏறக்குறைய 1 டிகிரி குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். மலையில் எதற்கும் இரண்டு மூன்று நிமிஷம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரைவள்ளிக் கிழங்கு பற்றிச் சொல்ல அதிகமில்லை. ராத்திரி குளிர் காய்ந்த நெருப்பு அடங்கும்போது சுடுசாம்பலில் புதைத்துவிட்டுப் போய்த் தூங்கலாம், காலையில் தோண்டிச் சாப்பிடலாம். எங்களுக்கு முன்னால் ஒரு நாய் தோண்டிச் சாப்பிட்டுவிட்டது. அதனால் இப்போது மேலே ஒரு செங்கல் வைக்கிறோம்.

சுட்ட தேங்காய்

நான் பிறந்தது பவானிப் பக்கம், காவிரிக் கரை. ஈரோடு, சேலம், நாமக்கல், கரூர் பக்கத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். ஆடி முதல் தேதி எங்களுக்குத் தேங்காய் சுடுகிற நாள். பாரதப் போர் அன்றைக்குத் தொடங்கி ஆடி 18-இல் முடிந்தது என்று பாட்டி கதை சொல்வார். எங்களுக்குக் கதையைவிடத் தேங்காய் முக்கியம். தெரு முழுக்க ஆளுக்கொரு குச்சியில் தேங்காயைக் குத்திக்கொண்டு நெருப்பைச் சுற்றி நிற்போம். பாத்திரமே இல்லாமல் ஒரு முழுச் சாப்பாடு, அதுவும் காலையில் வெறும் வயிற்றுக்கு ஏற்றது, இதைவிட வேறு எனக்குத் தெரியவில்லை. பொள்ளாச்சிப் பக்கம் இவ்வளவு தேங்காய் காய்த்தும் என் வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு முன் ஒரு நாள்கூடத் தேங்காய் சுட்டதில்லை!

நல்லா முற்றிய காயை எடுங்கள். குலுக்கினால் தண்ணீர் சத்தம் கேட்க வேண்டும். குடுமியோடு நாரையெல்லாம் பிய்த்துவிட்டு, சொரசொரப்பான சிமெண்ட் தரையிலோ கல்லிலோ தேய்தேய் என்று தேய்க்க வேண்டும். மொழுமொழுவென்று ஆகிற வரை. சின்ன வயதில் இதற்கே இரண்டு நாள் செலவழிப்போம், யார் தேங்காய் பளபளப்பு என்று போட்டி. நார் மிச்சமிருந்தால் அதுதான் முதலில் எரிந்து ஓட்டைக் கருக்கும்.

மூன்று கண்களில் ஒன்றுதான் மெத்தென்று இருக்கும். அதை ஆணியால் குத்தி, சுண்டுவிரல் கனத்துக்குப் பெரிதாக்கி, தண்ணீரை டம்ளரில் வடித்துக்கொள்ளுங்கள். கொட்டிவிடாதீர்கள், திரும்பத் தேவைப்படும். உள்ளே போடுவது: வறுத்த பாசிப்பருப்பு 2 ஸ்பூன், பொட்டுக்கடலை 2 ஸ்பூன், அவல் 2 ஸ்பூன், எள் ஒரு ஸ்பூன், நாட்டுச் சர்க்கரையோ தூளாக்கிய வெல்லமோ 3 ஸ்பூன், ஏலக்காய் ஒன்று தட்டி. இலையைச் சுருட்டிப் புனலாக வைத்து, ஈர்க்கால் குத்திக் குத்தி இறக்க வேண்டும். முக்கால் பாகம் நிரம்பினால் போதும், பருப்பும் அவலும் ஊதுமே. வடித்த தண்ணீரில் கொஞ்சத்தைத் திரும்ப விட்டு ஆட்டுங்கள். பாசிப்பருப்பு அதில்தான் வேகும்.

அப்புறம் குச்சி. எங்கள் ஊரில் அழிஞ்சிக் குச்சி, ஆடி பிறக்கும்போது சந்தையில் கட்டுக்கட்டாக வரும். கிடைக்காத இடத்தில் கொய்யாக் கிளை நல்லது. மூன்றடி நீளம் வேண்டும். ஒரு முனையைக் கூராகச் சீவிக் கண்ணில் இறுக்கமாக அடித்து ஏற்றுங்கள். அதுதான் பிடி, அதுதான் தக்கை. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: அரளிக் குச்சி வேண்டவே வேண்டாம். நேராக, அழகாக, கைக்கெட்டும் உயரத்தில் இருக்கும், அதனால் பிள்ளைகள் அதைத்தான் முதலில் ஒடிப்பார்கள். இலை, பூ, கட்டை எல்லாமே விஷம். குச்சிக்கும் ஆகாது, விறகுக்கும் ஆகாது. எந்த மரம் என்று தெரியாத குச்சியை நான் வாங்கிப் பார்க்காமல் நெருப்புப் பக்கம் விடுவதில்லை.

தேங்காயை மஞ்சள் தடவி (தடவாவிட்டாலும் வேகும், எனக்கு மனசு கேட்காது) தீயின் மேல் பிடித்துச் சுற்றிக்கொண்டே இருங்கள். ஒரே பக்கம் காட்டினால் அந்தப் பக்கம் ஓடு சீக்கிரம் பிளந்து பாகு ஒழுகிவிடும். முதலில் ஓடு கருக்கும். பிறகு குச்சியைச் சுற்றி நுரை கட்டும், பருப்பு வாசம் வரும். 20, 25 நிமிஷத்தில் 'டப்' என்று ஒரு சத்தம், ஓட்டில் விரிசல். எடுத்துவிடுங்கள். முகத்தைக் கிட்டே கொண்டுபோக வேண்டாம், உள்ளே ஆவி அடைந்திருக்கும். 10 நிமிஷம் மண்ணில் சாய்த்துவைத்து ஆறவிட்டு, பிள்ளையாருக்கு ஒன்று காட்டிவிட்டு உடையுங்கள். பருப்பு எண்ணெயில் ஊறி, தேங்காய் ஓரம் பொன்னிறமாகி, வெல்லம் பாதி உருகிப் பாதி ஒட்டியிருக்கும். ஒரு தேங்காய் இரண்டு பேருக்கு.

அன்றைக்கு முதல் தேங்காயைப் பெரியவருக்குக் கொடுத்தேன். பாதியை அங்கேயே சாப்பிட்டுவிட்டு, மீதியைத் துண்டில் முடிந்துகொண்டார். "ஆத்தாளுக்கு" என்றார். வீட்டுக்கார அம்மாவுக்கு என்று நினைத்தேன். மாட்டுக்காம்.

அணைப்பது

இரண்டு குடம் தண்ணீர் வேண்டும். ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை மேலே வைத்துப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னும் ஊற்றுங்கள். தோப்பு மண்ணில் வேரும் நாரும் பின்னிக் கிடப்பதால் மேலே அணைந்த நெருப்பு அடியில் கனிந்துகொண்டிருக்கும். உரிமட்டைத் துண்டு ஒன்று உள்ளே இருந்தால் மறுநாள் வரைக்கும் புகையும். நன்றாக ஆறிய சாம்பலைத் தென்னை வட்டப்பாத்தியில் தூவலாம். அதில் சாம்பல் சத்து (பொட்டாஷ்) உண்டு, தென்னை அதை விரும்பி எடுக்கும். ஈரக்கரித் துண்டுகளைப் பொறுக்கிக் காயவைத்தால் அடுத்த தடவைக்கு ஆகும்.

கடைசியாகக் குழியை மண் தள்ளி மூடுங்கள். மூடுவதற்கு முன்னால் டம்ளர்களை எண்ணிவிடுங்கள். போன வருஷம் ஏழு கொண்டுபோய் ஆறோடு வந்தோம். ஏழாவது எந்தக் குழியில் இருக்கிறது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.